பசறை மலைப்பாதையும் தோட்டத்து லொறியும்: காப்புறுதிச் சட்ட வரலாற்றில் ஓர் இயல்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, தேயிலை மலைகளை வளைந்து வளைந்து சுற்றிப் பசறையை அடைகின்றது. அங்கிருந்து ஒரு வழி லுணுகலை, பிபிலை ஆகிய ஊர்களைக் கடந்து மட்டக்களப்புச் சீமையின் செங்கலடிவரை நீளும். மற்றொரு வழி மொனராகலைக்கு இறங்கும். ஒருபால் நமுனுகுலை மலை ஏறக்குறைய 6,600 அடி உயர்ந்து நிற்க, மறுபால் மடுல்சீமை மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே கோணக்கலை, எல்டெப் முதலான தோட்டங்கள் சரிவெங்கும் பரந்து கிடக்கின்றன. இத்தோட்டங்களின் வாழ்வு ஓர் ஊர்தியை நம்பி நடப்பது. அதனைத் துரைமாரின் கணக்கேடு 'தோட்டத்து லொறி' என்றும், மலையிலுள்ளோர் 'கொழுந்து லொறி' என்றும் வழங்கினர்.

பறித்த கொழுந்து சாக்கிலே நெடுநேரம் அடைபட்டுக் கிடப்பின் சூடேறிச் சிவக்கும். சிவந்த கொழுந்திலிருந்து நல்ல தேயிலை பிறவாது. ஓர் இறாத்தல் தேயிலைக்கு நாலரை இறாத்தலளவு பச்சைக் கொழுந்து வேண்டும். ஆதலின் லொறி நாளில் இரண்டு மூன்று முறை மலையேறிக் கொழுந்தை ஏற்றித் தொழிற்சாலையிற் சேர்த்தாக வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களிலே ஊவாத் தேயிலை தனக்கேயுரிய மணத்தைப் பெறும். அம்மாதங்களில் லொறிக்கு ஓய்வே இல்லை. வாடைக்காலத்து மழையில் மலை சரிந்து பாதை அறுபடும்போதும், அரிசியும் உரமும் விறகும் வந்தாக வேண்டுமாதலின் அது ஓடியே தீரும். இவற்றோடு பிள்ளை பெறப் போகின்ற பெண்ணும், நோயாளியும், சில வேளைகளிற் பிணமும் அதே லொறியில் ஏறியதுண்டு. பஸ்வண்டி எட்டாத மலைக் கொழுந்துகளில் வேறு வழி இல்லை.

அத்தகைய லொறியொன்று ஒரு வளைவிலே புரண்டதெனக் கொள்க. பாதையோரம் நடந்து சென்ற முதியவர் ஒருவர் அதன்கீழ் அகப்பட்டார். சாக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி ஒருவர் கொழுந்தின்மேல் அமர்ந்திருந்து தூக்கி எறியப்பட்டார். பதுளையில் மருந்து வாங்கித் திரும்பிய பெண்ணொருத்தி, சாரதி இரங்கி ஏற்றிக்கொண்டமையால், அதே லொறியில் இருந்து காயமுற்றாள். ஊர்தி ஒன்று, வளைவு ஒன்று, சாரதியின் தவறும் ஒன்றே. ஆயினும் சட்டத்தின் கண்ணில் இம்மூவரும் மூன்று வெவ்வேறு மனிதர். முதியவருக்குக் காப்புறுதிக் கம்பனி பொறுப்பு. தொழிலாளிக்கு முதலாளி பொறுப்பு. அதுவும் வேறொரு சட்டத்தின்படி, வேறோர் அளவின்படி. அப்பெண்ணுக்கோ, கட்டாயக் காப்புறுதி என்னும் ஏற்பாட்டில் நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இங்கு ஆராயப்படுவது.

லொறி வருவதற்கு முன்னர் இம்மலைகளிற் பொதிமாடுகளும் கரத்தைகளும் பாரஞ் சுமந்தன. கிழக்குக் கரை முஸ்லிம் வணிகர் தவளமென்னும் பொதிமாட்டு அணிகளோடு உப்பும் கருவாடும் கொண்டு ஊவாவுக்கு ஏறிவந்தனர். பதுளையில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்த மேஜர் றோஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற பெயரையே பெரிதும் விட்டுச் சென்றாராயினும், ஊவாவின் பாதைகள் பலவற்றை வெட்டுவித்தவரும் அவரே. 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி வீழ்ந்து அவர் மாண்டார். அவருக்குப் பின் வந்த காப்பித் தோட்டக்காரர் அப்பாதைகளிலே மூட்டைகளைக் கரத்தையில் ஏற்றி இறக்கினர். அக்காப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதற் காணப்பட்டது 1869இல் இதே மடுல்சீமையிலே என்பது இவ்விடத்து நினைவுகூரத் தக்கது.

அக்காலத்தில் மூட்டைக்குக் காப்புறுதி இருந்தது, வண்டியோட்டிக்கு இல்லை. கப்பலேறும் சரக்கைக் கடல்வழிக் காப்புறுதி பல நூற்றாண்டுகளாகவே காத்து வந்தது. கரத்தைக்காரர் வழியிற் காப்பியைத் திருடுகின்றனர் என்பது தோட்டக்காரரின் ஓயாத முறைப்பாடு. கரத்தை கவிழ்ந்து கரத்தைக்காரன் மாண்டால் அவன் வீட்டார் என் செய்வர் என்ற வினாவுக்கு அம்முறைப்பாடுகளில் இடமில்லை. புகைவண்டி 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. அதன்பின்னர் பசறை, மடுல்சீமை, லுணுகலைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் பதுளை நிலையத்தை நோக்கி இறங்கலாயின. முதலாம் உலகப் போருக்குப் பின் பெருகிய மோட்டார் லொறிகள் அவ்வழியிலே கரத்தையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. கரத்தை மெல்லச் சென்றது. லொறி விரைந்து சென்றது. பாதையோ கரத்தைக்கென வெட்டிய அதே பாதை.

இனி, பொறுப்பு என்னும் கருத்து எவ்வாறு வளர்ந்தது என்பதைக் காண வேண்டும். அதன் முதற் பெரிய வழக்கு ஒரு தொழில் வண்டியைப் பற்றியதாகவே அமைந்தது ஒரு வியப்பு. இங்கிலாந்தில் இறைச்சி வணிகர் ஒருவரிடம் வேலைபார்த்த பிறீஸ்ற்லி என்ற இளைஞன், முதலாளியின் பார வண்டியிலே சரக்கோடு அனுப்பப்பட்டான். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றப்பட்டமையால் வண்டி முறிந்தது. இளைஞனின் தொடையெலும்பும் முறிந்தது. யூரர்கள் நூறு பவுண் நட்டஈடு விதித்தனர். 1837ஆம் ஆண்டு மேன்முறையீட்டிலே அபிங்கர் பிரபு அதனை மறுத்தார். வேலையின் ஆபத்தை வேலையாள் அறிவான். விரும்பாவிடின் அவன் ஏறாதிருக்கலாம். இவனுக்கு ஈடு கொடுத்தால் முதலாளிகளின் பொறுப்புக்கு எல்லையே இராது என்பது அவர் காட்டிய நியாயத்தின் சாரம். உடன் வேலைசெய்வோரின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் கோட்பாடு இத்தீர்ப்பை வேராகக் கொண்டு தழைத்தது. இங்கிலாந்தில் அதனை முற்றாக ஒழிக்க 1948ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது. பாரம் ஏற்றப்பட்ட வண்டியில் 'ஏறேன்' என்று சொல்லும் உரிமை இறைச்சிக் கடைப் பையனுக்கு உண்மையில் இருந்ததா என்பதை அந்நீதிபதி வினவவில்லை. அவ்வுரிமை கங்காணியின் கடன் சீட்டில் அகப்பட்டுப் பசறைக்கு வந்த தொழிலாளிக்கும் இருந்ததில்லை.

இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டமாகும். அதன்கீழ் நட்டஈடு பெற விரும்புவோர் எதிரியின் தவற்றை நீதிமன்றிலே எண்பித்தாக வேண்டும். மலைச்சரிவிலே, இரண்டு சாட்சிகளும் அதே தோட்டத்தின் லயங்களில் வாழும் நிலையில், தவற்றை எண்பித்தல் எளிதன்று. இந்தத் தடையை நீக்கியது தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமே. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயம் என்று காட்டினாற் போதும். எவர் தவறு என்ற வினா எழாது. பிரித்தானியாவில் 1897இலும், இந்தியாவில் 1923இலும் வந்த இம்முறை, இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நிறைவேறியது. அப்போது தொழில், கைத்தொழில், வணிக அமைச்சராயிருந்தவர் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாகிய பெரி சுந்தரம். மலையகத் தமிழர் ஒருவர் அமைச்சராயிருந்த காலத்திலே அச்சட்டம் வந்தது என்பது மலையக வரலாற்றிற் போதிய அளவு பேசப்படுவதில்லை. மற்றுமொன்று: 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னரும், இக்கட்டளைச் சட்டம் அவர்களை 'வேலையாள்' என்ற சொல்லுக்குள் வைத்தே காத்தது. வாக்குச் சீட்டு இல்லாதவனுக்கும் உடைந்த காலுக்கு ஈடு உண்டு என்ற அளவிலே அது நின்றது.

ஆயினும் அந்த ஈட்டின் அளவு கூலியைக் கொண்டு கணிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1929ஆம் ஆண்டு முதல் நாட்கூலி, மலைநாட்டின் உயர்ந்த பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இடைப்பகுதியில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம். கூலி குறைந்தால் ஈடும் குறையும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை, கவ்வாத்து வெட்டும் ஆணின் கையைவிட மலிவாகவே மதிக்கப்பட்டது. தோட்டங்களில் ஆண் பெண் கூலி சமனாக்கப்பட்டது 1984இலேயே. அதுவரை ஈட்டின் ஏற்றத்தாழ்வும் நிலைத்தது. சட்டத்தில் ஆண், பெண் என்ற வேற்றுமை எழுதப்படவில்லை. கூலிப் பட்டியலே அவ்வேற்றுமையைச் செய்து முடித்தது.

இது ஒரு பாதை. மற்றைப் பாதை தெருவிலிருந்து வந்தது. மோட்டார் வண்டி பெருகவே, அதன்கீழ் அகப்பட்டு மாண்டோர் தொகையும் பெருகியது. தீர்ப்புக் கிடைத்தாலும் சாரதியிடமோ சொந்தக்காரனிடமோ பணம் இல்லாமையால் அது வெறுங் கடதாசியாயிற்று. ஆதலின், காப்புறுதி இல்லாத வண்டி தெருவில் ஓடலாகாது என்ற புதுமை எழுந்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் இது 1927இலும், நியூசீலாந்தில் 1928ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் தெருப் போக்குவரத்துச் சட்டத்தாலும் வந்தது. இலங்கையில் 1927ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மோட்டார் வண்டிக் கட்டளைச் சட்டத்தின் இடத்திலே 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபோது, பிரித்தானிய முறையைத் தழுவிய கட்டாயக் காப்புறுதிப் பகுதி அதிற் சேர்ந்தது. அரசாங்க சபையிலே போக்குவரத்து அமைச்சராக ஜோன் கொத்தலாவலை இருந்த காலம் அது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அப்பகுதியைத் தன்னுட் கொண்டது. அச்சட்டத்தின் 99ஆம் பிரிவும் அதனை அடுத்து வருவனவும் பல திருத்தங்களோடு பிற்காலம்வரை நிலைத்தன.

அப்பிரிவுகள் மூன்றாந் தரப்பு என்னும் சொல்லைச் சூழ அமைந்தவை. காப்புறுதி பெற்றவர் முதல் தரப்பு. கம்பனி இரண்டாம் தரப்பு. இவ்விருவருக்கும் அந்நியராய், ஒப்பந்தத்தை அறியாதவராய், தெருவில் நின்று அடிபட்டவர் மூன்றாந் தரப்பு. அவருக்காகவே சட்டம் கம்பனியைக் கட்டுகின்றது. சொந்தக்காரர் பொய் சொல்லிக் காப்புறுதி பெற்றிருப்பினும், அடிபட்டவர் பெற்ற தீர்ப்பைக் கம்பனி பெரும்பாலும் தீர்த்தே ஆக வேண்டும். வழக்குத் தொடுக்கு முன்னரோ, தொடுத்த ஏழு நாளுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் இதற்கு நிபந்தனை. பசறையிலிருந்து கொழும்புக் கம்பனிக்கு, தாம் அறியாத மொழியில், ஏழு நாளில் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்பதை ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவர் எடுத்துச் சொல்வார்? வழக்கறிஞரின் முன்னறிவைப் பொறுத்தே அந்த உரிமை உயிரோடு இருந்தது. எனினும் பாதையில் நடந்தவருக்கு இச்சட்டம் செய்த நன்மை பெரிது. பணமில்லாத சாரதியைக் காட்டிலும் பணமுள்ள கம்பனி பொறுப்பேற்றது.

ஆனால் மூன்றாந் தரப்பு யார் யாரல்லர் என்பதிலும் சட்டம் தெளிவாயிருந்தது. காப்புறுதி பெற்றவரின் சொந்த வேலையாள், தம் வேலையின்போது அவ்வண்டியால் இறப்பினும் காயமுறினும் அதனை இக்கட்டாயக் காப்புறுதி உள்ளடக்க வேண்டியதில்லை. அவருக்கு வேறு சட்டம் இருக்கின்றதே என்பது காரணம். வண்டியில் ஏறிச் செல்வோரைப் பொறுத்தவரையும், அவர்கள் கூலி கொடுத்துச் செல்பவராகவோ, தொழில் ஒப்பந்தத்தின் காரணமாக ஏற்றிச் செல்லப்படுபவராகவோ இருந்தாலன்றிக் காப்புறுதி கட்டாயமன்று. பிரித்தானியச் சட்டம் எழுதியோர் நினைத்தது, தம் மோட்டார் காரிலே நண்பனை ஏற்றிச் செல்லும் கனவானைப் பற்றி. நண்பன் தானே விரும்பி ஏறியவன். அவனுக்காகச் சொந்தக்காரரைக் காப்புறுதிப் பணம் கட்டச் சொல்வது முறையா என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் கப்பலேறி வந்து, வேறு ஊர்தியில்லாத மலையின் உச்சியிலே லொறிக்குக் கைகாட்டி நின்ற பெண்ணின்மேல் வீழ்ந்தது. கனவானின் நண்பனுக்காக எழுதிய விலக்கு அவளையும் விலக்கிற்று. பிள்ளைக்கு மருந்து வாங்கச் சென்றவள் வேலையின்போது காயமுற்றவளல்லள். ஆதலின் தொழிலாளர் நட்டஈடு இல்லை. கூலி கொடுத்தவளல்லள், ஆதலின் கட்டாயக் காப்புறுதியும் இல்லை. கூலி கொடுத்திருப்பின், சரக்கு லொறியில் ஆளேற்றிக் கூலி வாங்கிய குற்றம் சாரதியைச் சாரும். எஞ்சியது தவற்றை எண்பிக்கும் பழைய ரோமன்-டச்சு வழக்கு ஒன்றே.

தொழிலாளியின் நிலையும் எப்போதும் தெளிவாயிருந்ததில்லை. 'வேலையின்போது' என்ற சொல்லுக்கு எல்லை எங்கே? காலையிற் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தபின் லொறியில் ஏறித் தொலைவான மலைக்குச் செல்பவர் வேலையில் இருக்கின்றாரா? மாலையிற் கொழுந்து நிறுத்து முடிந்து, லயத்துக்குத் திரும்பும்போது அதே லொறியில் தொற்றிக்கொண்டவர் வேலையில் இருக்கின்றாரா? இத்தகைய வினாக்களில் தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் பெருஞ் சான்றாயிற்று. அன்று பேர் விழுந்திருந்தால் தொழிலாளி. பேர் விழாதிருந்தால் வெறும் ஆள். கணக்கப்பிள்ளையின் பென்சிற் கோடு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்க்க வல்லதாயிருந்தது. பாதுகாப்புக்கென இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்த காயத்துக்கு ஈடில்லை என்ற விலக்கும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்களில் உண்டு; உயிரிழப்பை அது தீண்டாது. லொறியின் பக்கப் பலகையிலே 'ஆட்கள் ஏறக்கூடாது' என்று எழுதிவிட்டு, மழை கொட்டும்போது ஏறச் சொல்லும் வழக்கம் உள்ள இடத்தில், எழுத்து எவரைக் காக்கின்றது என்பது வெளிப்படை.

இவ்விடத்தில் 1937ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த இசார்ட் வழக்கைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. கட்டட வேலையாள் ஒருவர் வேலைத்தலத்திலிருந்து வீடு திரும்புகையில் ஒரு லொறியிலே சென்று விபத்தில் இறந்தார். லொறி அவருடைய முதலாளிக்குச் சொந்தமன்று. ஆட்களை ஏற்றிச் செல்ல அம்முதலாளியோடு ஏற்பாடு செய்துகொண்ட வேறொருவருடையது. தொழில் ஒப்பந்தம் என்பது லொறிச் சொந்தக்காரரோடு செய்த ஒப்பந்தத்தையே குறிக்கும் எனக் கம்பனி வாதித்தது. எவரோடு செய்த தொழில் ஒப்பந்தமாயினும் அதன்படி ஏற்றிச் செல்லப்பட்டவர் பாதுகாப்புக்கு உரியவரே என்று பிரபுக்கள் சபை தீர்த்து, விதவையின் பக்கம் நின்றது. இலங்கைச் சட்டமும் அதே சொற்களைத் தழுவியதாகையால் இத்தீர்ப்பின் விளைவு இங்கும் எண்ணத் தக்கது. தோட்டம் வெளியார் லொறியொன்றை அமர்த்தித் தன் தொழிலாளரை மலைக்கு அனுப்பினால், அவர்கள் லொறிக்காரருக்கு அந்நியர். கட்டாயக் காப்புறுதி அவர்களைக் காக்கும். தோட்டம் தன் சொந்த லொறியில் அவர்களை வேலையின்போது அனுப்பினால், அவர்கள் சொந்தக்காரரின் வேலையாட்கள். அக்காப்புறுதி அவர்களைக் காவாது. முதலாளியின் சொந்த வண்டியிற் செல்வதைவிட அயலான் வண்டியிற் செல்வது தொழிலாளிக்கு நன்று என்ற விசித்திரம் இவ்வாறு விளைந்தது.

இந்தியா இவ்விடத்தில் வேறு வழி சென்றது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அமைந்த கட்டாயக் காப்புறுதி 1946 ஜூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. சொந்த வேலையாளை விலக்கும் பிரித்தானிய வாசகம் அங்கும் இருந்தது. ஆயினும் அச்சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அவ்விலக்குக்கு ஒரு விலக்கு வைத்தன. வண்டியோட்டுபவர், பயணிகள் வண்டியின் நடத்துநர், சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லப்படும் வேலையாள் ஆகியோருக்குத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்கீழ் வரும் பொறுப்பைக் காப்புறுதிப் பத்திரமே ஏற்க வேண்டும் என்றது அது. 1988ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் இதனை விட்டுவிடவில்லை. திருச்சிச் சீமையின் ஒரே ஊரிலிருந்து அண்ணன் நீலகிரித் தோட்டத்துக்கும் தம்பி பசறைத் தோட்டத்துக்கும் சென்றிருப்பின், லொறி கவிழ்ந்த நாளிலே அண்ணனுக்குக் கம்பனி ஈடு கொடுக்கும். தம்பி முதலாளியின் பையை நம்பி நிற்க வேண்டும். எனினும் இந்தியாவிலும் சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவரின் துயரம் தீரவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையும் அவர்தம் பிரதிநிதியையும் உள்ளே சேர்த்தது. வெறுமனே ஏறிச் சென்றவருக்குக் கம்பனி பொறுப்பன்று என இந்திய உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கிலே தெளிவாக்கியது.

காப்புறுதியை விற்றவர் யார் என்பதும் சிறிது கூற வேண்டும். தோட்டங்களைக் கொழும்பிலிருந்து நடத்திய ஏஜன்சிக் கம்பனிகளுட் பல, இலண்டன் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் முகவராயிருந்தன. தோட்டத்தை நடத்துவதும், அதன் லொறிக்குக் காப்புறுதி எடுப்பதும், அதனை விற்பதும் ஒரே கட்டடத்துக்குள் நடக்கலாம். உள்நாட்டு முயற்சியாக இலங்கைக் காப்புறுதிக் கம்பனி 1939இல் தோன்றியது. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைந்து, 1962இல் ஆயுட் காப்புறுதியும் 1964இல் மோட்டார் உள்ளிட்ட பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமையாயின. 1975ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தத்தின் இரண்டாம் கட்டம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. அதன்பின் சில ஆண்டுகள் லொறியின் சொந்தக்காரரும் அரசு, காப்புறுதிக்காரரும் அரசு என்ற நிலை இருந்தது. மூன்றாந் தரப்புக்கும் வேலையாளுக்கும் இடையே இருந்த வேலியைப் பிடுங்கி எறிய அதைவிட வாய்ப்பான காலம் வேறில்லை. ஆனால் வேலி அப்படியே நின்றது. 1980களின் இறுதியில் தனியார் காப்புறுதிக் கம்பனிகள் மீண்டும் வந்தன. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது.

லொறியோடு டிரக்டரும் அதன் பின்னே இழுக்கப்படும் பெட்டியும் தோட்டங்களிற் பெருகியது இக்காலத்தின் மாற்றமாகும். பெட்டி மண்ணுக்கும் உரத்துக்கும் கொழுந்துக்கும் செய்யப்பட்டது. இருக்கையோ, பிடித்துக்கொள்ளப் பற்றுக்கோடோ அதில் இல்லை. ஆயினும் அதில் ஆட்கள் ஏறுகின்றனர். தனியார் கொழுந்து வாங்கும் சிறு லொறிகளும் இப்பாதைகளில் ஓடுகின்றன; அவற்றின் வேலையாட்களுக்குச் செக்ரோல் என்ற சான்றும் இல்லை. தோட்டத்தில் வெளியார் வேலையாக, இறாத்தல் கணக்கில், ஒப்பந்தமாகக் கொழுந்து கொடுக்கும் முறை பரவும் இடத்தில், லொறியின்மேல் அமர்ந்திருப்பவர் வேலையாளா, சரக்கின் சொந்தக்காரரா, வெறும் ஆளா என்ற பழைய வினா புதிய வடிவில் எழுகின்றது.

பசறைப் பாதையின் கொடுமையை நாடு முழுவதும் அறிந்த நாள் 2021 மார்ச் 20. லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ்வண்டியொன்று பசறைக்கருகே 13ஆம் கட்டையிற் பள்ளத்தில் வீழ்ந்து, பதினான்கு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். மலையிலிருந்து வீழ்ந்த பாறை பாதையின் ஒரு பகுதியை முன்னரே அடைத்துக் கிடந்த இடம் அது. அப்பஸ்வண்டியில் இருந்தோர் கட்டணம் கொடுத்த பயணிகள். 1938ஆம் ஆண்டு முதலே கட்டாயக் காப்புறுதி கண்முன் கொண்ட வகையினர். அதே வளைவிலே தோட்டத்து டிரக்டர் பெட்டியொன்று வீழ்ந்திருப்பின், ஒவ்வொருவரும் அன்று எதற்காக ஏறினார் என்று விசாரித்தே சட்டம் மறுமொழி கூறும்.

1934ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் உச்ச ஈடு 2005ஆம் ஆண்டில் 550,000 ரூபாவாகவும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 2,000,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அத்திருத்தத்தின் பெரிய மாற்றம் பணத்தில் இல்லை. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும், வேலையிலிருந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதி அதனாற் புகுந்தது. மாலையிற் கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் தொழிலாளியை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எண்பதாண்டுக்கு மேலாக நீடித்த ஐயம் அவ்வளவில் நீங்கியது. உயிரிழப்பு நேரின் ஈட்டுப்பணம் ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டு, அவரால் தங்கிவாழ்வோர்க்குப் பங்கிடப்படும். முதலாளி நேரே கையிற் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள இயலாது. இவ்வேற்பாடு முதற் சட்டத்திலிருந்தே உள்ளது.

மருந்து வாங்கித் திரும்பிய பெண்ணை இத்திருத்தமும் தொடவில்லை. காப்புறுதிக் கம்பனிகள் மிகைப்பணம் பெற்று, இலவசமாக ஏறுவோரையும் வேலையாட்களையும் பத்திரத்திற் சேர்த்துக் கொடுப்பதுண்டு; சேர்ப்பதும் விடுவதும் சொந்தக்காரரின் விருப்பம். வருமான அனுமதிப் பத்திரம் பெறுவதற்குப் பிரதேச செயலகத்தில் காட்ட வேண்டியது சட்டம் கேட்கும் அளவிலான காப்புறுதிச் சான்றிதழ் மட்டுமே. அந்த அனுமதிப் பத்திரம் ஒட்டப்பட்ட முன் கண்ணாடியோடு, பதுளைச் சந்தை கலையும் மாலை வேளைகளிலே, லொறிகள் பசறையைக் கடந்து மலையேறுகின்றன. பின்புறத்திற் சாக்குகளின்மேல் நாலைந்து பேர் அமர்ந்திருப்பது வழக்கம்.